கிருஷ்ணகிரி வெயில் வேறு, அரிசோனா வெயில் வேறு

கேள்வி: நானும் மனைவியும் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். எனக்கு வயது 64, சர்க்கரை உண்டு. அவளுக்கு 59, முழங்கால் வலி. மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். மாங்காய் அறுவடை முடிந்து ஜூலை நடுவில் கிளம்பி டிசம்பர் வரை அவனோடு இருப்பதாக ஏற்பாடு. ஜூலைக் கடைசியில் எட்டு நாள் காரில் பாலைவனப் பயணம் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: சகுவாரோ, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி, ஜயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கிராண்ட் கேன்யன். மொத்தம் ஒன்பது தேசியப் பூங்காக்கள். வெயில் எங்களுக்குப் புதிதல்ல. எதையெதை எடுத்துப் போவது, எப்படித் திட்டமிடுவது? மகனுக்கு ஒரு பெட்டி அல்போன்சா கொண்டுபோகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஐயா, ஒன்பது பூங்காக்களைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. ‘வெயில் எங்களுக்குப் புதிதல்ல’ என்ற அந்த ஒரு வரிதான் வயிற்றைக் கலக்குகிறது. நானும் தருமபுரிக்காரிதான். கத்திரியில் நிலக்கடலை பிடுங்கிய கையோடு அமெரிக்காவுக்கு மகளைப் பார்க்கப் போனவள். இதே வாக்கியத்தை அவளிடம் நானும் சொன்னேன்.

ஒரு ஏப்ரல் மாதம் ஜோஷுவா ட்ரீக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே நாள் முழுக்கச் சுற்றியும் முந்தானையால் ஒரு முறைகூட முகம் துடைக்கவில்லை. வியர்க்கவே இல்லையே, நல்ல ஊர் என்று மெச்சிக்கொண்டேன். மாலையில் அறைக்குத் திரும்பி ரவிக்கையை மாற்றும்போது பார்த்தால், பழைய கிணற்றுச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். வியர்த்திருக்கிறது, குடம் குடமாக. காற்றில் ஈரமே இல்லாததால் தோலுக்கு வந்த நொடியே காய்ந்துபோயிருக்கிறது. நம் ஊரில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டு, ‘தண்ணீர் குடி’ என்று நமக்கு நினைவூட்டும். அங்கே அந்த நினைவூட்டல் கிடையாது. தலை சுற்றிய பிறகுதான் தெரியும். அன்று இரவு எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் உள்ளே போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், உப்புக் கடலை, முறுக்கு என்று தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸில் தயிர் கிடைக்கிறது. ஐஸ் பெட்டியில் நீர்மோர் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மருத்துவரிடம் மட்டும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளோடு இந்த உப்பு ஒத்துப்போகுமா என்று கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவரானால் அதை நிறுத்திய காரில் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் அது வெறும் தண்ணீராகிவிடும். காலுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூதான். கள்ளி முள் ஏறியது உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தெரியாது.

இனி பட்டியலுக்கு வருகிறேன். முதலில் மாதத்தை மாற்றுங்கள். டெத் வேலியில் ஜூலை மாதப் பகல் வெப்பத்தின் சராசரி உச்சமே ஏறத்தாழ 47 டிகிரி. உலகத்திலேயே அதிகமாகப் பதிவான வெப்பம், 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி, அந்தப் பள்ளத்தாக்கில்தான். 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அங்கே வெயிலில் சுருண்டபோது ஹெலிகாப்டரை அனுப்ப முடியவில்லை. அந்தச் சூட்டில் காற்று மெலிந்து ஹெலிகாப்டரால் பத்திரமாகப் பறக்க முடியாது. உங்களுக்கோ டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. பயணத்தை அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும்.

ஜூலை வேண்டாம் என்பதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை அமெரிக்கர்களைவிட நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாக விளக்கிவிடலாம். தருமபுரியில் ஒரு சொட்டு மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. ஏன்? கர்நாடகத்தில் பெய்த மழைக்குக் கபினியையும் கிருஷ்ணராஜசாகரையும் திறந்திருப்பார்கள். யூட்டா, அரிசோனா மாநிலங்களின் மலையிடுக்குகளில் இதே கதைதான், ஆனால் அறிவிக்க அணையும் இல்லை, தண்டோராவும் இல்லை. அங்கே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் பருவமழைக் காலம். எங்கோ பல மைல் தள்ளிப் பெய்யும் மழை வெறும் பாறையில் உருண்டு, இரண்டு ஆள் அகல இடுக்குக்குள் சுவர்போல வந்து நிற்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் ஊருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள். 2015 செப்டம்பரில் ஜயான் பூங்காவின் ஓர் இடுக்கில் 7 பேர். அக்டோபரில் இந்த ஆபத்து குறையும், அறவே போகாது. மலையிடுக்கில் கால் வைக்கும் முன் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கேட்பது கட்டாயம்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் விரல் வைத்து அளந்து போட்ட பட்டியல் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு எதிரே தெரியும். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். காரில் போனால் 340 கிலோமீட்டருக்கு மேல். பரிசல்துறையில் நின்று எதிர்க்கரைக் கர்நாடகத்தைப் பார்ப்பது போலத்தான். கை நீட்டினால் எட்டும், வண்டிக்கு ஊர் சுற்ற வேண்டும். எட்டு நாளில் ஒன்பது பூங்கா என்றால் நீங்கள் பார்க்கப்போவது பூங்காக்களை அல்ல, கார் கண்ணாடியை.

நான் போட்டுத் தரும் பட்டியல் இது. ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, மூன்றரை நான்கு மணி நேரம். அங்கே இரண்டு இரவு. பிறகு பேஜில் ஓர் இரவு, ஜயானில் இரண்டு, பிரைஸில் ஒன்று, கேபிடல் ரீஃபில் ஒன்று. அங்கிருந்து ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 800 கிலோமீட்டர், ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம், நடுவில் ஒரு ராத்திரி தங்குங்கள். எட்டு இரவு, நான்கு பூங்கா. ஆர்ச்சஸையும் கேன்யன்லேண்ட்ஸையும் வெட்டியது எனக்கே வருத்தம்தான், ஆனாலும் வெட்டுங்கள். டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் டிசம்பருக்கு ஆகும், தனிப் பயணமாக. சகுவாரோ ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம்தான். செப்டம்பர் கடைசியில் விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் சுற்றிவிட்டு வாருங்கள், உடம்புக்கு அது ஒத்திகை. அந்தச் சகுவாரோக் கள்ளி முதல் கிளை விடவே 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று நட்டு நாலாம் வருஷம் காய் பார்க்கும் உங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

அம்மாவின் முழங்காலைப் பற்றி. கிராண்ட் கேன்யன் பள்ளத்தில் இறங்கவே வேண்டாம். இறங்குவது சுகம், திரும்பி ஏற இரண்டு பங்கு நேரம் ஆகும், அதோடு கீழே போகப் போக வெப்பமும் கூடும். விளிம்பை ஒட்டியே பெரும்பாலும் சமதளமான நடைபாதை இருக்கிறது, இலவச பஸ் ஓடுகிறது. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, நடக்க முடிந்த அளவு நடந்து, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். ஜயானிலும் சீசன் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்த காரை விடமாட்டார்கள், பஸ்தான். பிரைஸ் வேறு மாதிரி. அதன் விளிம்பு 2,400 மீட்டர் உயரத்துக்கு மேல். நம் ஓசூர் குளிரை நினைத்துக்கொண்டு ஒரு சால்வையோடு போய்விடாதீர்கள், அக்டோபர் இரவில் தண்ணீர் உறையும். கம்பளிச் சட்டையும் காது மூடும் குல்லாயும் பெட்டியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

காரைப் பற்றி மகனுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இரண்டு வார்த்தை. ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, கடையும் கிடையாது. அது தெரியாமல் அரை டேங்கோடு உள்ளே போய், சூரியன் மறைவதைப் பார்க்காமலே திரும்பி வந்தவர்கள் நாங்கள். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 170 கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய்த் திரும்புகிற தூரம். பாதி குறைந்தாலே நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து வர வேண்டும். தொப்பூர் கணவாயைக் கடந்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கைபேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதோடு ஒரு காகித வரைபடமும் வேண்டும். செயலி குறுக்குவழி என்று மண்பாதையைக் காட்டினால் திரும்பிவிடுங்கள். 2009-இல் டெத் வேலியில் அப்படிப் போன ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்து, உதவி வருவதற்குள் அவர் மகனை இழந்தார். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது கார்தான்.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு புது விஷயம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிப்பவருக்கு வருடப் பாஸ் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் என்றால் கிராண்ட் கேன்யன், ஜயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல். நீங்கள் இருவரும் மூன்று பூங்காவுக்கும் தனித்தனியாகக் கட்டினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மகன் முன்கூட்டியே பாஸ் வாங்கட்டும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஆன்டிலோப் கேன்யன் நவாஹோ பழங்குடியினரின் நிலம். இந்தப் பாஸ் அங்கே செல்லாது, அவர்கள் வழிகாட்டியோடுதான் நுழைய முடியும். அங்கே முன்பதிவு செய்யும்போது கடிகாரத்தையும் கவனியுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு வரை யூட்டா நேரம் அரிசோனாவைவிட ஒரு மணி முன்னால் ஓடும். பேஜ் அரிசோனா நேரம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் யூட்டா ஊர்கள். ஒரு மணி நேரம் தவறவிட்டு வாசலில் சண்டை போடுபவர்களில் நம்மவர்களும் உண்டு.

கேபிடல் ரீஃபை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃப்ரூட்டா என்று ஓர் இடம். 1880-களில் குடியேறிய மார்மன் என்ற மதப் பிரிவுக் குடும்பங்கள் அந்தப் பாலைவனத்தில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பழத்தோட்டம் போட்டார்கள். ஊர் போய்விட்டது, தோட்டத்தை இன்றும் பூங்காவே பராமரிக்கிறது, அதே வாய்க்கால் பாசனம். செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரி, ஆப்பிள் என்று ஒவ்வொன்றும் அதனதன் பருவத்தில் வரும். பறிப்புக்குத் திறந்த தோட்டத்தில் மரத்தடியிலேயே தின்றால் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனால் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் ஆப்பிள் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. தென்பெண்ணைத் தண்ணீரில் மா வளர்த்தவர் அந்த வாய்க்கால் மடையைக் குனிந்து பார்க்காமல் வரமாட்டீர்கள்.

அல்போன்சா பெட்டி மட்டும் வேண்டாம். நம் மாம்பழத்தை அமெரிக்கா 2007 முதல் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்த பிறகே இறக்குமதிக்கு அனுமதிக்கிறது. பயணப் பெட்டியில் வரும் பழத்தை விமான நிலையத்திலேயே பறித்துக் குப்பையில் போடுவார்கள், அறிவிக்காமல் ஒளித்தால் அபராதமும் உண்டு. அடுத்த மே மாதத்தில் அவனை ஊருக்கு வரச் சொல்லுங்கள்.