செட்டிநாட்டு வீடுகளைப் பதிவு செய்வது: கேள்வி பதில்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடுகளைக் கணக்கெடுப்பது பற்றி வந்த கேள்விகள்.

எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். எங்கிருந்து தொடங்குவது? (கட்டடக்கலை மாணவி)

தண்ணீரிலிருந்து. கிராம வரைபடத்தில் முதலில் ஊருணியையும் (ஊர்க்குளம்), அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் குறியுங்கள். ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தெருக்கால்வாய் வழியாக ஊருணியைச் சேரும்படி அமைந்த ஊர்கள் இவை. கால்வாயை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பட்டியலிட்டால், நாளை யாராவது கால்வாயின் மேல் கடை கட்டுவார்கள். மழைக்காலத்தில் அந்த வீட்டின் அடித்தளம் நனையும்.

அடுத்தது தெரு. பெரிய வீடுகள் ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. இரண்டு தெருவையும் நடந்து பார்க்காவிட்டால் ஒரே வீட்டை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டு, அடுப்படி ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியே எழுதுங்கள். முகப்பில் பர்மா தேக்குத் தூண் மின்னும். பின்கட்டில் ஓடு சரிந்து கிடக்கும். வீடு முழுவதற்கும் 'நன்று' என்று ஒரே சொல் எழுதினால், அவசரமாகக் காக்க வேண்டிய இடம் மறைந்துபோகும்.

சுவரில் உப்புப் பூக்கிறது. சிமெண்ட் பூசலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைக்கும்; உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லையே அரிக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். பிறகு சுண்ணாம்பே பூசுங்கள்.

பதிவில் சேர்ந்தால் அரசு வீட்டை எடுத்துக்கொள்ளுமா?

இல்லை. பதிவு வேறு, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது வேறு. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அறிவிப்பதானால்கூட, கட்டடம் நூறாண்டு பழையதாக இருக்க வேண்டும். இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பல புள்ளிகள் (பங்குள்ள குடும்பங்கள்). யாரிடம் அனுமதி வாங்குவது?

எல்லாரிடமும். எந்தப் புள்ளி எந்த ஊரில் இருக்கிறது, யார் சாவி வைத்திருக்கிறார், யார் பராமரிப்புக்குப் பணம் தருகிறார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். பங்காளிகள் ஒத்துக்கொள்ளாத வீட்டில் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்ற முடியாது.

குளியலறைக்கு மட்டும் சிமெண்ட்?

சிமெண்ட் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். பழைய சுவரைத் தொடாமல் தனியாகக் கட்டுங்கள்.

தூண் ஒன்றுக்கு என்ன விலை கிடைக்கும்?

நான் விலை சொல்வதில்லை.

உங்கள் பட்டியலே வியாபாரிகளுக்கு வழிகாட்டி ஆகாதா? பூட்டிய வீடு எது, கதவில் என்ன வேலைப்பாடு என்று அச்சிட்டுக் கொடுக்கிறீர்களே! (தேவகோட்டை வாசகர்)

நியாயமான அச்சம். அதனால்தான் இரண்டு பதிவேடு வேண்டும் என்கிறேன். தெரு, முகப்பு, ஊருணி எல்லாரும் பார்க்க. உள் வேலைப்பாடும் பூட்டிய வீடுகளின் விவரமும் உரிமையாளருக்கும் திட்டமிடும் அலுவலருக்கும் மட்டும்.

அப்படியானால் பதிவே வேண்டாமே. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். (அதே வாசகர்)

அந்த இரண்டுக்கும் பதிவு இருந்ததா? நிலைக்கதவு எந்த வீட்டினது என்று காட்ட ஒரு புகைப்படமும் அளவும் இல்லாவிட்டால், திருட்டுப் புகார் கொடுத்தால்கூட நிரூபிக்க முடியாது. வியாபாரிக்குத் தெருவில் நடந்தாலே பூட்டிய வீடு தெரிந்துவிடும். விவரம் இல்லாமல் தவிப்பவர் திட்ட அலுவலர்தான். இந்த ஊர்களில் சில 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் பின்னர் முன்மொழியக்கூடியவற்றின் பட்டியலில், சேர்ந்தன. அதற்கு அடுத்த படி ஏற வேண்டுமானாலும் முதலில் கேட்கப்படுவது இந்த விவரம்தான். உங்கள் தெருவில் மிச்சமுள்ள வீடுகளின் முகப்பை இந்த வாரமே படமெடுத்து, உரிமையாளர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.