கையில் கட்டிய கடிகாரம் காலடியை எப்படி எண்ணுகிறது?

கேள்வி: எனக்கு வயது 64, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்கும்படி பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள். அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். ட்ராலியோடு ஈரச்சந்தைக்குப் போய்வந்தால் சில நூறு அடிதான் காட்டுகிறது. சப்பாத்தி மாவு பிசைந்த நாளில் கணக்கு எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. கைப்பேசி வேறொரு கணக்குச் சொல்கிறது. எதை நம்புவது? பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டுமா?

பதில்: கடிகாரம் கெட்டுப்போகவில்லை, அம்மா. அதற்கு உங்கள் கால் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். உள்ளே சில மில்லிமீட்டர் அளவில் ஒரு முடுக்கமானி இருக்கிறது. மேல்-கீழ், முன்-பின், பக்கவாட்டு என மூன்று திசைகளிலும் அசைவை அது அளக்கும். நடக்கும்போது கை வீசுகிறோம். குதிகால் தரையில் படும் அதிர்வும் உடம்பு வழியாக மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. இவை ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் நடப்பதாகக் கடிகாரம் முடிவு செய்கிறது. மாவு பிசையும் கைக்கும் அப்படியொரு தாளம் உண்டு, அதனால்தான் ஏமாறுகிறது. பஜனையில் கை தட்டினாலும் இதே கதைதான்.

சின்னச் சின்ன அசைவையெல்லாம் சேர்த்துவிடக் கூடாது என்று பல கருவிகள் பத்து அடி போலத் தொடர்ந்து வந்தால்தான் எண்ணவே தொடங்கும். அடுப்பிலிருந்து தொட்டிக்கு நாலு எட்டு, அங்கிருந்து குளிர்பதனப் பெட்டிக்கு மூன்று எட்டு என்று நாள் முழுக்க நடந்தாலும் கணக்கில் பெரும்பாலும் வராது. மிக மெதுவாக நடந்தாலும், கைத்தடி ஊன்றி நடந்தாலும் விட்டுப்போகும்.

ட்ராலி விஷயமும் இதுதான். கைப்பிடியைப் பிடித்த கை வீசாது. கால் எத்தனை எட்டு வைத்தாலும் மணிக்கட்டு அசையாமல் இருக்கும். பேரப்பிள்ளையின் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, மழை நாளில் குடை, இரண்டு கையிலும் காய்கறிப் பை எல்லாம் இந்த வகைதான். இடது கையில் கடிகாரம் கட்டியிருந்தால் ட்ராலியை வலது கையால் இழுங்கள், இடது கையை வீச விடுங்கள். கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும். கடிகாரத்தைக் கழற்றிப் பாவாடை முடிச்சில் சொருகிக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் சில கருவிகள் தோலில் படாவிட்டால் எண்ணுவதையே நிறுத்திவிடும்.

உங்கள் கடிகாரம் எவ்வளவு சரி என்று நீங்களே பார்த்துவிடலாம். புளோக்கின் கீழ்த்தளத்திலோ கூரையிட்ட நடைபாதையிலோ நின்று, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேகத்தில், வாய்க்குள் எண்ணியபடி 100 அடி நடந்து நில்லுங்கள். உடனே கையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். திரையில் எண் மாறச் சில வினாடி ஆகும். 95-க்கும் 105-க்கும் இடையில் ஏறியிருந்தால் நல்ல கருவி. அடுத்து ட்ராலியோடு அதே 100 அடி. இங்கே 30 மட்டும் காட்டினால் சந்தைக்குப் போன நாளின் கணக்கு ஏன் குறைகிறது என்று புரிந்துவிடும். சோதிக்கும் முன் பட்டையையும் பாருங்கள்: மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வளையல் போல ஆடாமல் இருக்க வேண்டும். அமைப்பில் எந்தக் கை என்று கேட்டிருந்தால், அதிகம் வேலை செய்யாத கையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கையிலேயே கட்டுங்கள்.

கைப்பேசி பையில் இருந்தால் ஒரு கணக்கு, மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் பூஜ்யம். இரண்டையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உங்களுக்கு அது கடிகாரமாகவே இருக்கட்டும். நடைக்குப் புள்ளி தரும் சிங்கப்பூர் அரசின் ஹெல்தி 365 செயலியில் புள்ளி சேர்ப்பதாக இருந்தால், கடிகாரம்தான் அதில் இணைந்திருக்கிறதா என்று மகனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எடைத்தராசு தினமும் ஒரே அரைக்கிலோ தப்பாகக் காட்டினாலும் எடை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும். நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிட அது போதும். பக்கத்து வீட்டம்மாவின் கடிகாரத்தோடு ஒப்பிட உதவாது.

மகனிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கடிகாரத்தில் யாருடைய உயரத்தைப் போட்டான்? வாங்கித் தரும் பிள்ளைகள் அவசரத்தில் தங்கள் விவரத்தையே போட்டுவிடுவது உண்டு. ஜிபிஎஸ் இல்லாதபோது கடிகாரம் தூரத்தை அளப்பதில்லை. அடிகளை ஓர் அடியின் நீளத்தால் பெருக்குகிறது, அந்த நீளத்தை உயரத்திலிருந்து ஊகிக்கிறது. உயரத்தில் சுமார் 41 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு ஓர் அடி ஏறக்குறைய 62 செ.மீ.; 175 செ.மீ. மகனுக்கு 72. அப்படிப் பார்த்தால் 6,000 அடி உங்களுக்கு 3.7 கிலோமீட்டர், அவனுக்கு 4.3. விளையாட்டரங்க ஓடுதளத்தின் உள்வட்டம் 400 மீட்டர். அதை ஒருமுறை சுற்றி 400-ஐ உங்கள் அடிகளால் வகுத்தால் உங்கள் அடியின் நீளம் கிடைத்துவிடும்.

எரிந்த கலோரி என்று காட்டுவதை நம்பி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை ஒழுங்காகக் காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

சரி, பத்தாயிரத்துக்கு வருவோம். அந்த எண் மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதல்ல. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடிமானியைப் பத்தாயிரம் என்ற பெயரோடு விற்றது. எண் அப்படியே உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று 16,741 பெண்களைக் கவனித்தது, சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. ஏறக்குறைய 7,500 வரை அது குறைந்துகொண்டே போய், அதற்குமேல் அப்படியே நின்றது. அவர்கள் கருவியை மாட்டியது இடுப்பில். அதனால் மணிக்கட்டு எண்ணை அதோடு அடிக்கு அடி ஒப்பிட வேண்டாம்.

நான் சொல்வது இதுதான்: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் இருங்கள், வந்த சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 3,000 என்றால் அடுத்த இரண்டு வாரத்துக்கு 3,500, அப்புறம் 4,000. கூட்டும் அந்த 500 அடியை முடிந்தால் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள். சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தும், நீரிழிவுக்காரர்களுக்கு இதில்தான் லாபம். மதிய வெயிலில் பூங்கா வரை போகவேண்டியதில்லை, கீழ்த்தளமே போதும்.

வேகமும் முக்கியம். சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைத்தால் பெரியவர்களுக்கு மிதமான வேகம் என்று கொள்ளலாம். அந்த வேகத்தில் பேச்சு வரும், பாட்டு வராது. முழங்கால் வலித்தால் 100-ஐ விட்டுவிடுங்கள், பேச்சு-பாட்டுக் கணக்கு போதும்.

இன்சுலின் போடுகிறீர்களா, கிளிபிசைடு போன்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம். பையில் நாலைந்து குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கினாலோ திடீரென வியர்த்துப் பசித்தாலோ சர்க்கரை அதிகமாக இறங்கியிருக்கலாம், உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் 400 அடிதானே பாக்கி என்று மட்டும் நடந்துவிடாதீர்கள்.