சுகாதார இலக்கை யார் தலையில் கட்டுவது?

நாட்டுக்கான பொது சுகாதார இலக்குகளைப் பல அரசுத் துறைகள் சேர்ந்து வகுப்பது பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நோய் என்றால் சுகாதாரத் துறையின் வேலைதானே? மற்ற துறைகளை ஏன் இழுக்கிறீர்கள்?

அடிபட்டு வருபவருக்குத் தையல் போடுவது சுகாதாரத் துறை. அடிபடாதபடி சாலை போடுவது யார்? சாலையில் ஒருவரும் சாகவோ படுகாயமடையவோ கூடாது என்பதை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் கொள்கையாகவே ஏற்றது. இலக்கு உயிரைப் பற்றியது, பொறுப்போ சாலை போடுகிறவர்களுக்கு. ஓட்டுநர் எப்படியும் தப்பு செய்வார் என்று வைத்துக்கொண்டு அவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதபடி சாலை நடுவே கம்பித் தடுப்பு கட்டினார்கள். இதில் ஒன்றையாவது மருத்துவர் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

கேள்வி: நிதித் துறைக்கு இதில் என்ன பங்கு? பணம் ஒதுக்குவது மட்டும்தானா?

வரியும் மருந்துதான். பிரிட்டன் 2016-இல் குளிர்பானச் சர்க்கரை வரியை அறிவித்தது, ஆனால் 2018 ஏப்ரலில்தான் அமலாக்கியது. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் அதைவிடக் கூடுதல். இடையில் கிடைத்த இரண்டு வருடத்தில் பல கம்பெனிகள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கிவிட்டன. வரி வசூல் முதலில் கணக்குப் போட்டதைவிடக் குறைந்தது. வசூல் குறைவதே இங்கே வெற்றி! இதை நிதித் துறையிடம் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் பின்னால் சண்டைதான்.

கேள்வி: எத்தனை இலக்கு வைக்கலாம்?

கொஞ்சமாக. அமெரிக்கா பத்து வருடத்துக்கு ஒருமுறை இலக்குப் பட்டியல் போடுகிறது. 2020-க்கான பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது. 2030-க்கானதை 355 மைய இலக்குகளோடு வெளியிட்டார்கள். அதுவே எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

கேள்வி: கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள், டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஒன்றும் நடப்பதில்லை. என்ன செய்வது?

பாதித் தப்பு கூட்டம் கூட்டுகிறவர்களுடையது. வீட்டுவசதித் துறையிடம் போய் “சுவாச நோயைக் குறையுங்கள்” என்றால் அவர்கள் எதைச் செய்வார்கள்? ஈரம் கசியும் வீடுகளில் இந்த வருடம் எத்தனையைச் சரிசெய்வீர்கள் என்று கேளுங்கள். அது அவர்கள் ஏற்கெனவே எண்ணுகிற எண். அவர்கள் பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பும் இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2007-லிருந்து இப்படித்தான் செய்து பார்த்தார்கள். மாநிலத் திட்டத்தில் துறைகளுக்கு ஏற்கெனவே வைத்திருந்த இலக்குகளிலிருந்தே பேச்சைத் தொடங்கி, அது உடல்நலத்தை எங்கே தொடுகிறது என்று சேர்ந்து அலசினார்கள். மேற்பார்வையில் மாநிலத் தலைமை அமைச்சரின் துறையும் இருந்தது. இது முக்கியம். சுகாதாரச் செயலர் தலைமை தாங்கினால் மற்ற செயலர்கள் அவரைச் சரிசமமாகத்தான் பார்ப்பார்கள், கூட்டத்துக்கு இளநிலை அதிகாரியை அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: இன்றைய நிலவரத்துக்கே தரவு இல்லாத விஷயத்தை இலக்காக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தனிப் பட்டியலில். மேலே சொன்ன அமெரிக்கப் பட்டியலிலும், நடவடிக்கை தெரிந்திருந்தும் அடிப்படை அளவு இல்லாதவற்றை ‘வளர்நிலை’ இலக்குகள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தரவு கிடைத்தால் மையப் பட்டியலுக்கு மாற்றலாம். ஆனால் அந்தத் தரவை எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் திரட்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.