வட்டியில்லா முன்பணத்துக்கு எத்தனை வட்டி?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கணவர் ஃபைபர் படகில் போய் நண்டு வலை விடுகிறார். மூன்று வருடத்துக்கு முன்பு என்ஜின் வாங்குவதற்காக நண்டு ஏஜென்ட் ஒருவரிடம் 1,20,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம். வட்டி கிடையாது; ஆனால் நண்டை அவருக்கு மட்டும்தான் போட வேண்டும். அடுத்த ஊரில் கிலோ 400 ரூபாய் போகும் நாளில் அவர் 360தான் தருகிறார். வருடத்துக்கு 1,200 கிலோ அளவுக்குப் போடுகிறோம். அசல் அப்படியே நிற்கிறது. என்னிடம் நான்கு பவுன் இருக்கிறது. அடகு வைத்துக் கணக்கை முடிக்கலாமா? விவசாயிகளுக்குக் கொடுக்கும் கிசான் கடன் கார்டு மீனவர்களுக்கும் உண்டு என்கிறார்களே, அதில் வாங்கி அடைக்கலாமா?

பதில்: வட்டி கிடையாது என்று நீங்கள் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். கிலோவுக்கு 40 ரூபாய் குறைவு, 1,200 கிலோ. வருடத்துக்கு 48,000 ரூபாய். 1,20,000 ரூபாய்க்கு இது 40 சதவீத வட்டி. மூன்று வருடத்தில் 1,44,000 ரூபாய், அதாவது வாங்கியதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டீர்கள். அதில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியவில்லை. கந்துவட்டிக்காரர் என்றால் வாசலில் வந்து நிற்பார், நமக்கும் உறுத்தும். இங்கே வட்டி தராசிலேயே கழிந்துவிடுவதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

நகைக்கடன் வாங்கலாம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மட்டும் வையுங்கள். வட்டி ஏறக்குறைய 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் வருடம் 12,000 ரூபாய். இப்போது விலையில் இழக்கும் 48,000 ரூபாயை வருடாவருடம் அதில் கட்டினால் மூன்று வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பெரும்பாலான நகைக்கடன்கள் ஒரு வருடத் தவணைதான். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம் வந்தால் இதுவும் அசல் கரையாத கடனாகிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: கடன் தீர்ந்த மறுநாள் உங்கள் நண்டை 400 ரூபாய்க்கு வாங்க ஆள் இருக்க வேண்டும். பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டில் பெரும்பகுதி, வேகவைத்துச் சதை எடுத்து டின்னில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிறது. அதை வாங்கும் ஏற்றுமதி நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் ஏஜென்டே மேலே ஏதோ ஒரு கம்பெனியிடம் முன்பணம் வாங்கியவராக இருக்கலாம். அடுத்த ஊர் ஏஜென்டுக்குப் பின்னாலும் அதே கம்பெனி இருக்கலாம். வாங்குபவர்கள் கூடிப் பேசி விலை வைப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தவறுதான். ஆனால் ஒரு படகுக் குடும்பம் அதை நிரூபிக்கக் கிளம்ப முடியாது.

அதனால் நகையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் அடுத்த ஊரில் விசாரியுங்கள். முன்பணம் வாங்காத படகுக்கு என்ன விலை? நண்டு குவியும் நாளிலும் எடுப்பார்களா? எடைக்கு என்ன கழிக்கிறார்கள்? உறவுக்காரர் படகு ஏதாவது அங்கே போடுகிறதென்றால் இரண்டு வாரம் அவர் வாங்கும் விலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் விலையையும் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டோடு உங்கள் ஏஜென்டிடமே கேட்கலாம்: "பணத்தைத் திருப்பிவிட்டால் என்ன விலை தருவீர்கள்?" 390 என்றால் அவரிடமே போடுங்கள். புதிய ஆளிடம் மட்டும் முன்பணம் வாங்காதீர்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் பழைய ஏஜென்ட்தான் என்பதை நானும் மறக்கவில்லை. அதற்காகவே 15,000 ரூபாயாவது தனியாகச் சேர்த்து வையுங்கள்.

கிசான் கார்டு மீனவர்களுக்கும் உண்டு. 2019இலேயே ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு தேவையில்லை. வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் மானியம் போக 4. படகின் பதிவும் மீன்பிடி உரிமமும் கேட்பார்கள். ஆனால் அது தொழிலை நடத்தும் செலவுக்கான கடன். பழைய பாக்கியை அடைக்க அல்ல. எரிபொருள், ஐஸ், ஆள்கூலியை அதில் பார்த்துக்கொண்டால், ஏஜென்டிடம் சில்லறையாகக் கேட்கும் தேவை நிற்கும். அது சிறிய விஷயமில்லை. கார்டு வாங்கியும் பலர் பழைய ஆளிடமே கட்டுண்டு கிடப்பதைப் பார்க்கிறேன். கடன் மாறிவிட்டது, விற்கும் இடம் மாறவில்லை.

இரண்டையும் சேர்த்துத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மரியநாடு மீனவர்கள் 1960களின் கடைசியில் சங்கம் வைத்துக் கரையிலேயே தாங்களே ஏலம் விட்டார்கள். அந்த வழியில் வந்த சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், கன்னியாகுமரி வரை பரவியது. கடனையும் சங்கம் பார்க்கும், விற்பனையில் ஒரு பங்கைப் பிடித்துக் கழிக்கும், அசல் கண்ணெதிரே குறையும். உங்கள் ஊரில் பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து பேசினால் கம்பெனியிடம் நேராகவே விலை கேட்கலாம்.

கடைசியாக, முன்பணம் வாங்கியபோது வெற்றுத்தாளிலோ புரோநோட்டிலோ கணவர் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். படகுப் பதிவுச் சான்று ஏஜென்டிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் அதே இடத்தில், இரண்டு பேர் முன்னிலையில், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்றால் பணமும் நாளைக்குத்தான்.