ஆறாம் வகுப்பும் காலை வயிற்றுவலியும் – கடிதம், பதில்

அன்புள்ள அக்கா,

என் மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். ஐந்து வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மொத்தமே 31 பிள்ளைகள், இரண்டு டீச்சர். இப்போது 9 கிலோமீட்டர் தள்ளி டவுனில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 7.35 பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்று அழுகிறாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வலி வருவதில்லை. கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. துருவிக் கேட்டால், "அங்க யாருக்கும் என் பேரு தெரியலம்மா" என்கிறாள். வீட்டுக்காரர், "மெட்ரிக்ல சேத்துடலாம், வேன் வாசலுக்கே வரும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நடிக்கிறாளா, நிஜமாகவே தாங்க முடியவில்லையா? நீங்கள் ஆறாம் வகுப்பு டீச்சராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்
ஜூன் 2025

அன்புள்ள தங்கைக்கு,

நடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வலிக்கவில்லை என்பதற்காகத் திங்கட்கிழமை வலி பொய்யாகிவிடாது. பயம் வந்தால் முதலில் கலங்குவது வயிறுதான்.

ஆனால் பயம் மட்டும்தானா என்று பாருங்கள். அவள் காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆறாம் வகுப்பில் மதியச் சாப்பாடு உண்டு, காலைச் சாப்பாடு இல்லை. இரண்டு வருஷமாகத் தோழிகளோடு வரிசையில் உட்கார்ந்து பொங்கலும் கிச்சடியும் சாம்பாருமாகச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஏழு மணிக்கு அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு எதைத்தான் விழுங்குவாள்? மூன்றாவது பீரியடில் பெஞ்சில் தலை சாய்க்கும் பிள்ளைகளை வருஷாவருஷம் ஜூனில் பார்த்திருக்கிறேன். "என்னம்மா சாப்பிட்டே?" என்றால் "டீத்தண்ணி" என்று பதில் வரும். வீட்டில் இறங்கவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். மதியத்துக்கு எடுத்துப்போகும் தட்டோடு, சின்ன டப்பாவில் இரண்டு இட்லியைப் பொடி தடவிக் கொடுத்துவிடுங்கள். முதல் இடைவேளையில் சாப்பிடட்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து இன்னொன்று வையுங்கள்.

பாட்டில் திரும்பி வருவதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும். அது எங்கே இருக்கிறது என்று ஒருவேளை தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் கூட்டமாக நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம். பத்து பதினொரு வயதுப் பெண் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்தால் நீர்க்கடுப்பும் வரும், வயிற்றுவலியும் வரும். இதை அவளிடம் நேராகவே கேளுங்கள். பெரிய பேச்சாக வேண்டாம், தலை வாரிவிடும்போது கேட்டாலே போதும். "பாத்ரூம் போனியா, யார்கூடப் போனே?" தாழ்ப்பாள் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம்.

இப்போது அந்தப் பெயர் விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பில் 58 பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் ஒரு நீளமான பெயர். கூப்பிட்டேன், பதில் இல்லை. மூன்று நாள் ஆப்சென்ட் போட்டேன். நான்காம் நாள் தலைகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊரில் எல்லோரும், பழைய டீச்சர் உட்பட, அவளைச் சின்னப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. மூன்று நாள் அந்தக் குழந்தை என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

உங்கள் மகள் சொல்வதும் இதுதான். ஐந்து வருஷம் அதே இரண்டு டீச்சர், அவர்களுக்கு உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி வரை தெரியும். இப்போது நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பெல், பெல்லுக்கு ஒரு டீச்சர். தமிழ் டீச்சர் எழுதிப் போட்டதை எழுதி முடிப்பதற்குள் கணக்கு டீச்சர் போர்டை அழித்துவிடுவார். பாடம் அவளுக்குக் கஷ்டமில்லை. நேற்றுவரை பள்ளிக்கே மூத்தவளாக இருந்தவள், இன்றைக்கு ஆயிரம் பேரில் கடைக்குட்டி.

அதனால் இந்த வாரமே ஒருநாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். புகார் சொல்லும் தோரணை வேண்டாம். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். பழைய பள்ளியில் எதில் முதலாவதாக நின்றாள் என்று சொல்லுங்கள். கோலம் போடுவாளா, தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவாளா? ஒரு தடவை டஸ்டர் எடுத்து வரச் சொன்னால்கூடப் போதும், மறுநாள் நடையே வேறாக இருக்கும். அதே பஸ்ஸில் வரும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கண்டுபிடித்து, "பாத்துக்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் "ஸ்கூல் எப்படி இருந்துச்சு" என்று கேட்காதீர்கள், அதற்கு "ம்" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. "இன்னிக்கு உன் பக்கத்துல யாரு உக்காந்தா?" என்று கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டாம். வேன் வாசலுக்கு வந்தாலும், இறங்கும் இடம் அவளுக்கு மறுபடியும் புதுப் பள்ளிதான், கூடவே ஆங்கில வழி வேறு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி என்றாலும் சரி) படித்திருக்கவேண்டும் என்று கேட்கின்றன. அந்தக் கணக்கு இந்த ஜூனில் தொடங்குகிறது என்பதை அவர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். காலாண்டுப் பரீட்சை வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுக்க வேண்டாம். குறிப்பிட்ட ஒருவர் பேரைச் சொன்னாலே அவள் ஒடுங்கினால், உடம்பில் அடி தெரிந்தால், யாராவது தொட்டதாகவோ சாதி கேட்டு ஒதுக்கியதாகவோ சொன்னால், அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள். அங்கே காது கொடுக்காவிட்டால் 14417 கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண்.

டீச்சரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாட்டில் காலியாக வந்ததா, அந்த மூன்றாவது இட்லியைச் சாப்பிட்ட பிள்ளையின் பெயர் என்ன என்பதையும்.

அன்புடன்,
அக்கா