வேரிஸ்டர் எது, எங்கே, எவ்வளவு? கேள்வி பதில்

மின்னழுத்தம் கண நேரம் திடீரென எகிறுவதுதான் சர்ஜ். அப்போது அதைத் தன் வழியே கடத்தி, பின்னால் இருக்கும் பாகங்களைக் காக்கும் சிறு வட்டுதான் வேரிஸ்டர்.

கேள்வி: 230 வோல்ட் எல்இடி டிரைவருக்கு (எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் போர்டு) கடையில் 14டி431 வேரிஸ்டர் கொடுத்தார்கள். 431 என்றால் 431 வோல்ட்டா?

பதில்: இல்லை. 43-க்குப் பின் ஒரு சுழியம், அதாவது 430. அந்த வோல்ட்டேஜில் அது 1 மில்லி ஆம்பியர் கடத்தும். 14 என்பது வட்டின் விட்டம், மில்லிமீட்டரில். தொடர்ந்து தாங்கக்கூடியது 275 வோல்ட் ஏசி. உங்கள் ஊரில் இரவு மின்னழுத்தம் 260-ஐத் தாண்டுமானால் 14டி471 அல்லது 14டி511 வாங்குங்கள். அவை 300, 320 வோல்ட்டைத் தாங்கும். ஆனால் மேலே போகப் போக, சர்ஜ் வரும்போது அவை விட்டுவைக்கும் வோல்ட்டேஜும் ஏறும். 50 ஆம்பியரில் 431-க்கு 710 வோல்ட் வரை, 511-க்கு 845 வரை. பின்னால் இருக்கும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் 150 வோல்ட் வேரிஸ்டர் போட்டால் பாதுகாப்பு கூடுமே, ஐயா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 230 வோல்ட்டின் உச்சி 325. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது கடத்தும். சற்று நேரத்தில் வெடித்துவிடும்.

கேள்வி: ஃபியூஸுக்கு முன்பா, பின்பா?

பதில்: பின்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு பெரிய சர்ஜும் வேரிஸ்டரைக் கொஞ்சம் தேய்க்கிறது. கசிவு கூடும், வட்டு சூடாகும், கடைசியில் ஷார்ட் ஆகும். பழுதுக்கு வரும் போர்டுகளில் நீலப் பூச்சு கருகி, ஓரம் பிளந்து, சுற்றிலும் புகைக்கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய்விடும். ஆனால் மெதுவாகச் சூடாகும் கட்டத்தில் அந்தக் கசிவு ஃபியூஸை உருக்கப் போதாது. அதனால் வேரிஸ்டரின் உடலை ஒட்டி, அதனுடன் தொடராக ஒரு தெர்மல் ஃபியூஸ் (சூடு ஏறினால் இணைப்பை அறுக்கும் ஃபியூஸ்) வையுங்கள். தீயைத் தடுப்பது அதுதான்.

கேள்வி: வாயுக்குழாய் அரெஸ்டரை ஃபேஸ், நியூட்ரல் இடையே தனியாகப் போடலாமா?

பதில்: கூடாது. அது வாயு அடைத்த சிறு குழாய்; மின்னழுத்தம் எகிறினால் உள்ளே பொறி பற்றி மின்சாரத்தைக் கடத்தும். ஒருமுறை பற்றிக்கொண்டால் சில பத்து வோல்ட்டிலேயே எரிந்துகொண்டிருக்கும். மெயின்ஸ், அதாவது லைன் மின்சாரம், அதை அணைய விடாது. வேரிஸ்டருடன் தொடராகப் போடலாம்.

கேள்வி: டிவிஎஸ் டயோடு?

பதில்: அதுவும் சர்ஜை அடக்கும் பாகம்தான். வேகம் உண்டு, தாங்கும் ஆற்றல் குறைவு. வேரிஸ்டருக்குப் பின்னால், டிசி பக்கம் வையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் நியூட்ரல் அறுந்து எல்லாம் எரிந்தது. வேரிஸ்டர் இருந்தும் காப்பாற்றவில்லையே?

பதில்: வேரிஸ்டர் மைக்ரோ விநாடிகளில் முடியும் சர்ஜுக்கான பாகம். நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் வரை வந்து நிமிடக்கணக்கில் நிற்கும். அதற்கு மின்னழுத்தம் ஏறியதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேதான் வேண்டும்.