தாத்தா செஞ்ச அட்டை பஸ் ஏன் மடங்குச்சு?

கேள்வி: என் பேரனுக்கு ரெண்டரை வயசு, டவுன் பஸ்ஸுனா உயிர். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிய வெட்டி ஒரு பஸ் செஞ்சு குடுத்தேன். ரெண்டே நாள்ல நடுவுல மடங்கிடுச்சு. சக்கரமும் சுத்தல, தரையில உரசிக்கிட்டே வருது. மேல ஒட்டுன சிவப்பு பேப்பர் வேற அட்டைய வில்லு மாதிரி வளைச்சிடுச்சு. எங்க தப்பு பண்ணேன்?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, நான் பைண்டிங் கடையில பல வருஷம் வேலை பாத்தவன், அதனால அட்டை எப்படி நடந்துக்கும்னு கொஞ்சம் தெரியும். நீங்க வெட்டுன ஓரத்த கண்ணு கிட்ட வச்சு பாருங்க. ரெண்டு பேப்பருக்கு நடுவுல இன்னொரு பேப்பர் அலை அலையா இருக்கும், அது சின்னச் சின்ன குழாய் மாதிரி ஒரே பக்கமா ஓடும், குழாய் ஓடுற நீளத்துக்குதான் அட்டைக்கு பலம், அதுக்கு குறுக்க சட்டுனு மடங்கிடும். உங்க பஸ்ஸுக்கு அடி அட்டையில குழாய் அகலவாக்குல ஓடிருக்கும், அதான் மடங்கிடுச்சு. ரெண்டு அட்டை வெட்டுங்க, ஒண்ணுல குழாய் நீளவாக்குல, இன்னொண்ணுல அகலவாக்குல இருக்கணும், ரெண்டையும் சேத்து ஒட்டிட்டா அசையாது.

சக்கரத்துக்கும் இதே வழிதான். டம்ளர வச்சு வட்டம் போட்டா நடுவ கண்டுபிடிக்கிறது கஷ்டம், காம்பஸ்ல போட்டா முள்ளு குத்துன இடம்தான் நடு. மூணு வட்டத்த குழாய் மாத்தி மாத்தி ஒட்டுங்க. சக்கரத்த கோக்குறதுக்கு ஈர்க்குச்சி வேண்டாம், ஒரு பக்கம் தடிமன் ஒரு பக்கம் மெலிசு, சக்கரம் ஆடும். ஒரே தடிமனா இருக்குற மூங்கில் குச்சி போதும். குச்சிய பஸ்ஸோட ஒட்டிடாதீங்க! அடியில ஸ்ட்ராவ ஒட்டி அதுக்குள்ள குச்சி சுத்தணும், பசை குச்சியில பட்டுச்சுனா அவ்ளோதான். முன்னாடி ஸ்ட்ராவும் பின்னாடி ஸ்ட்ராவும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு ஸ்கேல் வச்சு பாத்துக்கோங்க, இல்லன்னா பஸ் ஒரு பக்கமாவே இழுக்கும்.

அட்டை வளைஞ்சது பேப்பராலதான். பசை ஈரத்துல பேப்பர் விரியும், காயறப்ப சுருங்கி அட்டைய தன் பக்கம் இழுக்கும். அதனால உள்பக்கமும் ஒரு பேப்பர் ஒட்டிடுங்க, ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா அட்டை நேரா நிக்கும். வெயில்ல காயவைக்காதீங்க, ராத்திரி பூரா கனமான புக்க அடுக்கி அதுக்கடியில வைங்க.

பசைக்கு ரெண்டு ஸ்பூன் மைதாவ பச்சத்தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, சிம்ல வச்சு கிண்டுங்க, வெள்ளை நிறம் மங்கி கண்ணாடி மாதிரி வரும்போது இறக்குங்க. ஒண்ணு மட்டும் ரொம்ப முக்கியம். பைண்டிங்ல பூச்சி வராம இருக்க பசையில மயில்துத்தம் போடுவோம், அது விஷம். உங்க பேரன் பஸ்ஸ நிச்சயமா வாயில வைப்பான், அதனால துத்தம் சேக்கவே கூடாது. அன்னன்னிக்கு வேணுங்கறத மட்டும் காய்ச்சிக்கோங்க.

பெட்டியில இருக்குற இரும்பு பின்ன எல்லாம் முதல்ல புடுங்கிடுங்க. ஹெட்லைட்டுக்கு பட்டன், பாட்டில் மூடி எதுவும் வேண்டாம், பிச்சு முழுங்கிடுவாங்க, மஞ்சள் பேப்பர் வெட்டி ஒட்டுனா போதும். குச்சி முனைய உப்புத்தாள்ல நல்லா தேச்சிடுங்க. இழுக்குற கயிறு ஒரு ஜாணுக்கு மேல போகக்கூடாது, கழுத்துல சுத்திக்கும்.

போர்டுல எந்த ஊர் பேர் எழுதணும்னு பேரன்கிட்டயே கேளுங்க.